ரத்தத்தில் குற்றமில்லை

வின்னிபெக்
6.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கல்பனா எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு நீங்களும் அத்தையும் சினைப் பசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே இன்னும் பனி உருகவில்லை. மடுகரையில் மின்விசிறி அடியில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள், படியுங்கள்.

எதிரே உட்கார்ந்து பேசும்போதே நீங்கள் ‘ம்’ என்பதற்கு மேல் சொல்லமாட்டீர்கள். போனில் அது அரை ‘ம்’ ஆகிவிட்டது. அதனால் வில்லியனூர் ஏஜென்ட் சிவப்பிரகாசம் சொன்ன யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டி கைப்பட எழுதிக்கொண்ட கடிதம் நாலு இருந்தால் கல்யாணம் நிஜம்தான் என்று விசா ஆபீசர் நம்புவாராம். ஆபீசரை விடுங்கள், எனக்கே நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனு அடுத்த படிக்கு வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். இந்த நாடு ஒப்புக்கொண்ட டாக்டர்கள் சென்னையில் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் போக வேண்டும். தெரிந்த கம்பவுண்டரைப் பிடித்துச் சான்றிதழ் வாங்குகிற வேலை நடக்காது. ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ரயில் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதற்குப் படித்துத் தயாராக ஒன்றுமில்லை. உயரம், எடை, கண், நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், ரத்தம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக் கிழவிகள் காலைக் காப்பிக்கு முன்னால் இதையெல்லாம் கொடுத்துவிட்டு சீட்டாடப் போய்விடுகிறார்கள். உங்களால் முடியாதா?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள், அலமாரியில் வைத்து அழகு பார்க்க அல்ல.

தங்கள்
கல்பனா

*

மடுகரை
27.4.2025

அன்பு மனைவி கல்பனாவுக்கு,

உன் கணவன் புகழ்வேந்தன் வரைவது. இங்கு யாவரும் நலம். பசு கிடேரிக் கன்று போட்டது. உன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

கடிதம் கிடைத்தது. சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பான், வாலைத் தூக்கிப் பார்ப்பான். அது மாட்டுக்கு. மனுஷனை அழைத்து மூத்திரம் கொடு, ரத்தம் கொடு, சட்டையைக் கழற்று என்று சொல்ல இவர்கள் யார்? பிரெஞ்சுக்காரன் இங்கே ஆண்டபோது எங்கள் தாத்தா அவன் எதிரில் துண்டைத் தோளிலிருந்து இறக்கியதில்லை. கரும்புக் கட்டு சுமந்த உடம்பு இது. இதில் என்ன கண்டுபிடிக்கப் போகிறான்?

இருந்தாலும் உனக்காகப் போகிறேன். ஆனால் உடனே முடியாது. அக்னி நட்சத்திரம் வருகிறது. வெயிலில் ரத்தம் சூடேறித் தப்புத் தப்பாகக் காட்டுமாம், கலைச்செல்வன் சொன்னான். காலையில் பாகற்காய்ச் சாறு குடிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

ரத்தத்தில் என்னென்ன பார்ப்பார்கள் என்று விவரமாக எழுதவும். சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

இப்படிக்கு
உன் அன்புக் கணவன்
கு. புகழ்வேந்தன்

*

வின்னிபெக்
14.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கல்பனா எழுதுவது. நான் சுகம். கன்று போட்ட பசு தேவலையா? அது தன் வேலையை நேரத்தில் முடித்துவிட்டது என்று அறிந்து மகிழ்ந்தேன்.

தாத்தா துண்டை இறக்காத கதையைக் கல்யாணத்தன்றே கேட்டேன். கரும்புக் கட்டு கதை மட்டும் புதிது. கட்டு சுமந்தது ஆள்கள், மாமா. நீங்கள் வரப்பில் நின்று குடை சுமந்தீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

வெயிலில் ரத்தம் சூடேறித் தப்பாகக் காட்டும் என்று எந்த நர்சிங் கல்லூரியிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கலைச்செல்வன் எங்கே படித்தார்? டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் பஞ்சரைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள்.

ரத்தத்தில் பார்ப்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று. பிறகு எச்.ஐ.வி., மேகநோய். எல்லாருக்கும் பார்ப்பதுதான், நானும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். எறும்பு கடித்த மாதிரி இருக்கும். ஊசிக்குப் பயமென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அத்தையைத் துணைக்கு அனுப்புகிறேன். மடியில் உட்காரவைத்துக்கொள்வார்.

உங்களுக்காக அவகாசம் கேட்டு எழுதியிருக்கிறேன். கொடுத்தால் அதையும் பாகற்காய்ச் சாற்றோடு குடித்துவிடாதீர்கள்.

தங்கள்
கல்பனா

*

மடுகரை
15.6.2025

அன்பு மனைவி கல்பனாவுக்கு,

புகழ்வேந்தன் எழுதிக்கொண்டது. நலம். அம்மாவும் நலம். உன் நலத்துக்கு இதை எழுதும்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலைப்பளு. உன் கடிதத்தில் கேலி கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. ஆபீசர் படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று கொஞ்சம் யோசித்து எழுதவும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஏஜென்ட் சொன்னபடி மெடிக்கலுக்குத் தயாராகிறேன். கருவாடு விட்டாயிற்று. பார்லித் தண்ணீர் குடிக்கிறேன். உடம்பில் உள்ள கசடெல்லாம் போகட்டும் என்று போன வாரம் பேதிக்குச் சாப்பிட்டேன். அது நின்றபாடில்லை. எழுந்து நிற்கவே தள்ளாடுகிறது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போக முடியுமா, நீயே சொல். இன்னொரு முறை அவகாசம் வாங்கவும்.

இன்னொரு சங்கதி. இது எனக்கில்லை. கலைச்செல்வன் கேட்கச் சொன்னான். போன கார்த்திகையில் நாங்கள் கோவா போய் வந்ததிலிருந்து அவனுக்கு மனசுக்குள் ஒரு சந்தேகம். நீ எழுதினாயே, மூன்றெழுத்து, அது ஒருத்தனுக்கு இருந்தால் ரத்தத்தில் எத்தனை மாதத்தில் தெரியும்? பேதிக்குச் சாப்பிட்டால் குறையுமா? பரிசோதனை முடிவு அவனிடம் மட்டும் சொல்வார்களா, வீட்டுக்கும் சொல்வார்களா? வெளிநாட்டு மெடிக்கலில் பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் போகுமென்று ஏஜென்ட் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான், அதனால் கேட்கிறான்.

அவனுக்கு வெளிநாடு போகிற எண்ணமில்லை. சும்மாதான் கேட்டான்.

உன் அன்புக் கணவன்
புகழ்வேந்தன்

*

வின்னிபெக்
4.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். இங்கே இப்போது ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம். ஜன்னலுக்குத் துணி கட்டித் தூங்குகிறேன். உங்கள் வயிறு நின்றதா?

பேதிக்குச் சாப்பிட்டால் போவது குடலில் இருப்பது. ரத்தத்தில் இருப்பது பேதியில் போகாது. இதை ஒரு நர்சு தன் புருஷனுக்கு எழுத வேண்டியிருக்கிறது. என் கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரியிடம் சொன்னேன், அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கலைச்செல்வனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கார்த்திகையில் போட்ட ஆட்டம் இப்போது தெரிந்துவிடும். ஜிப்மருக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போனால் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். நோய் இருந்தாலும் மருந்து இருக்கிறது, சாப்பிட்டால் நூறு வயசு வரை வாழலாம். நோய் அசிங்கமில்லை. எங்கள் இல்லத்தில் அந்த நோயோடு ஒரு தாத்தா இருக்கிறார், என் கையால்தான் குளிக்கிறார்.

ஆனால் ஒன்று கேளுங்கள். பெண்டாட்டி அமுதத்திடம் சொன்னானா? சொல்லாமல் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறானா? அப்படியென்றால் அவனை மனுஷன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். தவறு செய்தவனைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டு பெண்டாட்டியைத் தொடுகிறவன் என்ன ஜென்மம்? தெருநாய்க்குச் சொறி வந்தால் அதுகூடத் தள்ளிப்போய்ப் படுக்கும்.

நீங்களும்தானே கோவா போனீர்கள்? கூடப் போனவருக்குத் தெரியாமலா நடந்தது? அங்கேயே செவுளில் ஒன்று விட்டிருக்க வேண்டாமா? அமுதத்துக்கு நானே எழுதப்போகிறேன்.

இரண்டாம் முறையும் அவகாசம் கேட்டிருக்கிறேன். கேட்கிற எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்கள்
கல்பனா

*

மடுகரை
28.7.2025

அன்பு மனைவி கல்பனாவுக்கு,

நலம். நலமே நாடுகிறேன்.

அமுதத்துக்கு ஒன்றும் எழுதிவிடாதே. கலைச்செல்வன் பொது அறிவுக்காகக் கேட்டான். அவனுக்கு ஒன்றுமில்லை. கோவாவில் ராத்திரி அவன் ரூமிலேயே தூங்கிக்கொண்டிருந்தான், நானே சாட்சி. நல்ல குடும்பத்தைக் கலைத்த பாவம் உனக்கு வேண்டாம்.

நாய் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தை ஒரு பெண் எழுதுகிற வார்த்தையா? படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நண்பனைச் சொன்னாலும் நண்பன்தானே, எனக்கு வலிக்காதா?

மெடிக்கல் விஷயம். ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். ரத்தம் எடுப்பது நல்ல காரியமா என்று கேட்பாய். வெளிநாடு போவது நல்ல காரியம், அதற்கு முதல் படி ரத்தம், ஆகவே அதுவும் நல்ல காரியம்தான். ஆவணி பிறந்ததும் போகிறேன். இதை விளக்கமாக எழுதி அவகாசம் வாங்கவும். அவர்களுக்கும் பண்டிகை இருக்கும், புரிந்துகொள்வார்கள்.

உன்
புகழ்வேந்தன்

*

வின்னிபெக்
13.8.2025

மாமாவுக்கு,

இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

ஆடியில் ரத்தம் எடுக்கக் கூடாது என்று இந்த நாட்டு அரசாங்கத்துக்கு விளக்கமாக எழுத வேண்டுமாம். மடுகரைக் கொசுவுக்கு முதலில் எழுதுங்கள். அது நாள் கிழமை பார்க்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மாமா, கேலி போதும். எனக்கே சலித்துவிட்டது. பேஸ்மென்ட் அறையை விட்டுவிட்டு நம் இரண்டு பேருக்கென்று வீடு எடுத்திருக்கிறேன். கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன், பெரியது. அதில் ஒரு ஓரமாகப் படுக்கிறேன். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் சத்தமே இருப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்துக்குப் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன். அழுகையாக வருகிறது. யார் யாருடைய அம்மாவையோ குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறேன். எனக்கென்று ஒரு பிள்ளை வேண்டாமா? அதற்காகத்தான் இருந்த விடுமுறையையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு வந்தேன். அந்த மாதமே நின்றுவிடும் என்று நம்பினேன். நிற்கவில்லை. விமானத்தில் திரும்பி வரும்போதே தெரிந்துவிட்டது. உங்களிடம் சொன்னபோது ‘ம்’ என்றீர்கள்.

வர விருப்பமில்லை என்றால் சொல்லிவிடுங்கள். வேறு பயம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். நெஞ்சில் பழைய காசநோய்த் தழும்பு, சர்க்கரை, எதுவாக இருந்தாலும் நான் நர்சு, பயப்படமாட்டேன். பேசாமல் இருப்பதற்குத்தான் என்னிடம் மருந்தில்லை.

இதுதான் கடைசி அவகாசம். செப்டம்பர் பாதியோடு மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

கல்பனா

*

மடுகரை
11.9.2025

என் ஆருயிர் மனைவி, கண்ணே கல்பனாவுக்கு,

உன் புகழ் எழுதும் மகிழ்ச்சிக் கடிதம். இங்கு அனைவரும் பரம சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு இன்று காலைகூடப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

பாஸ்! மெடிக்கல் பாஸ்! சென்னைக்குப் போய்ச் சிங்கம்போல் நின்று கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய பரீட்சை என்று பயமுறுத்தினார்கள், ஒரு வெங்காயமும் இல்லை. அந்த டாக்டர் பொடியனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்து ‘மூச்சை இழு’ என்றான். இழுத்த இழுப்பில் பயந்துவிட்டான். ஊசி குத்திய பெண்ணிடம் ‘எவ்வளவு வேணுமோ எடுத்துக்கம்மா, கலப்படம் இல்லாத ரத்தம்’ என்றேன். சிரித்தாள்.

ரத்தத்தில் ஒரு குற்றமுமில்லை. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று சென்னை போகுமுன் விழுப்புரத்தில் ஒரு லேபில் நானே கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். அங்கேயும் சுத்தம். வெள்ளைக்காரன் என்ன தேடினாலும் கிடைக்காது.

இனி தாமதம் உன் பக்கம்தான். வீட்டில் பெரிய டிவி இருக்கிறதா? குளிருக்கு எனக்குக் கோட் வாங்கி வை, மார்பளவு உனக்குத் தெரியும். டிக்கெட்டை ஜன்னலோரமாகப் போடு.

முத்தங்களுடன்
உன் புகழ்

*

மடுகரை
15.9.2025

அன்பு மருமகள் கல்பனாவுக்கு அத்தை வள்ளியம்மாள் ஆசீர்வாதம்.

நான் நல்லபடி இருக்கிறேன். தைலம் தேய்த்தேன், முழங்கால் மடங்குகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. அவன் மேஜையில் இருந்த உன் உறையைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போய் அங்கே இருக்கிற பெண்ணிடம் விலாசம் எழுதி வாங்கினேன். நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

மெடிக்கல் பாஸாகிவிட்டது என்று அவன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். சென்னையிலிருந்து முடிவு வந்த மறுநாள் மயிலத்துக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டான். அதைச் சொன்னானா? சொல்லியிருக்கமாட்டான். போனில் உன்னிடம் முகம் காட்டாமலே பேசுகிறான். தலைமுடி மட்டுமில்லை, மீசையும் போயிற்று. அவன் அப்பா செத்ததற்கே மீசையை எடுக்கமாட்டேன் என்று பந்தலில் சண்டை போட்டவன். பங்காளிகள் கையைப் பிடித்து எடுக்கவைத்தார்கள். அந்த மீசையை இப்போது தானாகக் கொடுத்திருக்கிறான்.

நான்தான் கூடப் போனேன். சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு, ‘ரத்தத்துல ஒரு குத்தமும் இல்லன்னு காட்டிட்டியே முருகா’ என்று வாய்விட்டு அழுதான். வெளியே வந்ததும் கேட்டேன்.

‘இன்னாடா குத்தம்?’

‘ஒண்ணுமில்லம்மா. சுகரு இருக்குமோன்னு பயந்தேன்.’

‘சுகருக்கு எவன்டா மீசை எடுப்பான்? உங்கப்பனுக்கு இருந்துச்சே, ஒத்த முடி குடுத்தாரா? எப்ப வேண்டிக்கிட்ட?’

‘கார்த்திகையில. கோவாவுலேந்து வந்தொன்ன. வுடும்மா, வூட்டுக்குப் போவலாம்.’

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவனைப் பெற்றவள், பொய் சொன்னால் அவன் காது சிவக்கும் என்று எனக்குத் தெரியும். மொட்டைத் தலையில் காது நன்றாகத் தெரிந்தது.

நீ படித்தவள், நர்சு. ரத்தத்தில் என்ன குற்றத்துக்கு ஒருத்தன் பத்து மாசம் பயப்படுவான் என்று உனக்குத் தெரியும். எனக்கு அவன் மகன், சோறு போட்டுத்தான் ஆக வேண்டும். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேறு என்ன எழுத. உடம்பைப் பார்த்துக்கொள், தாயே.

வள்ளியம்மாள்

*

வின்னிபெக்
1.10.2025

புகழ்வேந்தன் அவர்களுக்கு,

ஒரே ஒரு கேள்வி. மயிலத்தில் மொட்டை எதற்காகப் போட்டீர்கள்? போனில் பதில் வேண்டாம். போனை நான் எடுக்கமாட்டேன். எழுதுங்கள்.

கல்பனா

*

மடுகரை
17.10.2025

அன்பு மனைவி கல்பனாவுக்கு,

உன் கணவன் எழுதுவது. எல்லாரும் நலம். உன் கடிதத்தில் நலம்கூட விசாரிக்கவில்லை, மனசு கஷ்டமாக இருந்தது.

யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். வயசானால் சிலருக்கு வாய் நிற்காது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஆம்பளை மறைக்கமாட்டான். கோவாவில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், குடித்திருந்தேன். கலைச்செல்வன்தான் இழுத்துக்கொண்டு போனான். பிறகு பாதியில் அவன் பயந்து ரூமுக்கு ஓடிவிட்டான். நான் என்ன செய்ய? நீயும் பக்கத்தில் இல்லை. புருஷனை விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உன்னைக் குறை சொல்லவில்லை, நியாயத்தைச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? ஒரு கொப்புளம் வந்தால் தூக்கம் போயிற்று. ஜுரம் வந்தால் உயிர் போயிற்று. இளைத்துவிட்டேன். உன்னிடம் சொன்னால் நீயும் பயப்படுவாய், தூர தேசத்தில் தனியாக இருக்கிறவள் என்றுதான் எல்லாவற்றையும் நானே தாங்கிக்கொண்டேன். அதற்குக் கிடைத்த மரியாதையா இது?

இப்போதுதான் ரத்தம் சுத்தம் என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்களே. வராத நோய்க்கு எதற்குச் சண்டை? இந்த நாட்டில் பாஸ், அந்த நாட்டில் பாஸ், சாமியிடமும் கடன் தீர்ந்தது. உன்னிடம் மட்டும் ஃபெயிலா?

தீபாவளி கழிந்து அடுத்த மாதம் போன் செய்கிறேன், எடுக்கவும். டிக்கெட் எப்போது?

உன்
புகழ்வேந்தன்

*

வின்னிபெக்
4.11.2025

புகழ்வேந்தனுக்கு,

‘நீ’ என்று எழுதப்போகிறேன். மரியாதையாக எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். டிக்கெட் இல்லை, கோட் இல்லை. ஏஜென்டிடம் நீயே போய்ச் சொல்லிக்கொள். விவாகரத்துக்கு ஊரில் என் அண்ணன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டார். அத்தையிடம் கோபத்தைக் காட்டாதே. அவர் சொன்னது ஒரு மொட்டையைப் பற்றித்தான், மற்றதெல்லாம் உன் கையெழுத்து.

கோவாவுக்காக இதைச் செய்யவில்லை. அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், ஒருவேளை கொஞ்ச நாள் கழித்து விட்டிருப்பேன். நான் கேட்பது பொங்கலை. கார்த்திகையிலேயே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, வேண்டிக்கொண்டும்விட்டாய். அதற்குப் பிறகு தையில் நான் வந்தேன். பிள்ளை வேண்டும் என்று வந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் என் பக்கத்தில் படுத்தாய். மெடிக்கலுக்கு எத்தனை சாக்கு சொன்னாய், வெயில், பேதி, ஆடி. அந்த ராத்திரிகளில் உனக்கு ஒரு சாக்கும் தோன்றவில்லையா? தலைவலி என்று திரும்பிப் படுத்திருந்தால் போதுமே. கலைச்செல்வனை நாய் என்றபோது உனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினாய். அவனுக்காக அல்ல என்று இப்போது தெரிகிறது, வார்த்தை உன்மேல் பட்டது, அதற்காக.

என்னைப் பயமுறுத்தக் கூடாதென்று தாங்கிக்கொண்டாயாம். எனக்கு அது வந்திருந்தால் என் பிள்ளைக்கும் வந்திருக்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் காப்பாற்றிவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்கிற நர்சு நான். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லாமல் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அத்தையின் கடிதம் வந்த அன்றே போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். உன் முடிவு சுத்தம் என்று தெரிந்தும் கொடுத்தேன், ஏனென்றால் உன் பேச்சை நம்பிக் காலாட்டிக்கொண்டிருக்க இனி என்னால் முடியாது. கூட வேலை செய்கிறவள்தான் ஊசி குத்தி எடுத்தாள். ஏன் திடீரென்று என்று கேட்டாள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தேன். முடிவு வரும்வரை, நான் குளிப்பாட்டுகிற அந்தத் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒன்றுமில்லை. பெருமூச்சு விடாதே, அது உன் புண்ணியமில்லை.

நம் இரண்டு பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன் என்று இனி ஒரு பொய் உனக்குத் தோன்றும். வேண்டாம். சந்நிதியில் நீ சொன்னது எனக்கு வந்துவிட்டது. அதில் என் பெயர் இல்லை. உன் ரத்தத்துக்காகத் தலைமுடியைக் கொடுத்தாய், அப்பா செத்தபோதுகூட எடுக்க மறுத்த மீசையையும் கொடுத்தாய். எனக்காக ஒரு மயிரும் கொடுக்கவில்லை.

கல்பனா